சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கிறிஸ்துமஸ்: நவம்பர் கடைசி முதல் ஜனவரி 6 வரை

எங்கள் கோவில் பங்கில் மறைக்கல்வி (வேதபாடம்) வகுப்பு எடுக்கிறேன். டிசம்பர் வந்தாலே இளம் பெற்றோர்கள் வந்து கேட்பார்கள்: "அக்கா, எல்லாம் செய்யணும்னு ஆசையா இருக்கு. எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல." பெரும்பாலும் நாகர்கோவில், தூத்துக்குடி, திருச்சி என்று ஊரை விட்டு வேலைக்காகச் சென்னை வந்தவர்கள். அங்கே பாட்டியும் அத்தையும் சித்தியும் பிரித்துக்கொண்ட வேலை இங்கே இரண்டு பேர் தலையில். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகப் பிள்ளைகள் வேறு.

கேக் சுடவும் குடில் (இயேசு பிறந்த தொழுவத்தின் மாதிரி) கட்டவும் இவர்களுக்கு நன்றாகவே தெரியும். எல்லா வேலையும் 23, 24 தேதிகளில் வந்து குவிவதுதான் சிக்கல். அன்றைக்கு அம்மா அடுப்படியில், அப்பா ஏணிமேல், பிள்ளை டிவி முன்னால். ஆகவே கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே விதி: பெரியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை 22-ஆம் தேதிக்குள் முடிய வேண்டும்; பிள்ளைகள் கை வைக்கக்கூடிய வேலை கடைசி நாள்வரை கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டும்.

1. நவம்பர் கடைசி வாரம்: காலண்டரைக் கையில் எடுங்கள்

முதலில் மூன்று தேதிகளைக் குறியுங்கள். திருவருகைக் காலத்தின், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின், முதல் ஞாயிறு. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். அடுத்து, பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளையின் அரையாண்டுத் தேர்வு. மூன்றாவது, உங்கள் தெருவுக்குக் கேரல்ஸ் வரும் இரவு.

தேர்வுத் தேதியை ஏன் இப்போதே பார்க்கச் சொல்கிறேன் என்றால், பல பள்ளிகளில் அரையாண்டு டிசம்பர் நடுவில் தொடங்கி 23-ஐ ஒட்டித்தான் முடிகிறது. அந்த வாரத்தில் குடில் வேலையை வைத்தால் மூத்தவனுக்குப் படிப்பும் போகும், குடிலும் கிடைக்காது. தேர்வுக்கு முந்தைய சனி, ஞாயிறில் வேலையை முடித்துவிடுங்கள்.

அதே தாளில், இந்த வருடம் என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்கள் பார்த்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு, அடுத்த வருடம் பாதியைக் கைவிடுகிறார்கள். பிள்ளைகள் பெரிதாக இருப்பதை விரும்புவதைவிட, போன வருடம் நடந்தது இந்த வருடமும் அப்படியே நடப்பதைத்தான் விரும்புகிறார்கள். ஆகவே ஒவ்வொரு டிசம்பரும் உங்களால் திரும்பச் செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

2. துணி, தையல்: டிசம்பர் முதல் வாரத்துக்குள்

தையல் உண்டென்றால் முதல் வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கடைத்துணிதான் என்றால் தி.நகருக்கு வார நாள் காலையில் போங்கள். டிசம்பர் ஞாயிறுகளில் ரங்கநாதன் தெருவுக்குள் இரண்டு வயதுக் குழந்தையோடு நுழைய வேண்டாம்.

வாங்கிய உடையை ஒருமுறை துவைத்து, வீட்டில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். வலைத்துணி வைத்த கவுன்கள் இடுப்பிலும் அக்குளிலும் குத்தும். கோவிலில் பிள்ளை அழுதால் தூக்கம், பசி என்று தேடுகிறோம். பாதி நேரம் காரணம் சட்டைதான். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போட்டால் தீர்ந்துவிடும். புதுச் செருப்பையும் இப்படியே பழக்கிவிடுங்கள்.

3. ஸ்டார் கட்டுவது: மழையை மனதில் வைத்து

சென்னையில் டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். வர்தா புயல் 2016 டிசம்பர் 12-இல் வந்தது, மிக்ஜாம் வெள்ளம் 2023 டிசம்பர் முதல் வாரத்தில். எனவே வெளியே தொங்கும் ஸ்டாருக்குக் காகிதம் வேண்டாம், பிளாஸ்டிக் தாளில் செய்தது வாங்குங்கள். உள்ளே குறைந்த வாட் எல்இடி பல்பு போதும்.

ஸ்டாரை மேலே மட்டும் கட்டினால் மாடி பால்கனிக் காற்றில் சுழன்று ஒயர் முறுக்கிக்கொள்ளும். கீழ் முனையிலும் ஒரு கயிறு கட்டிக் கம்பியோடு இழுத்து நிறுத்துங்கள். ஒயரை நேராக பிளக்குக்குக் கொண்டுவராமல், ஒரு வளைவு கீழே தொங்கும்படி விட்டு மேலே ஏற்றுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. ஒட்டுப்போட்ட ஒயர் வெளியே இருக்கவே கூடாது. புயல் எச்சரிக்கை வந்த அன்று ஸ்டாரைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு நாள் ஸ்டார் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. வாடகை வீடு என்றால் ஆணி அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிள்ளையின் வேலை தினமும் மாலை சுவிட்ச் போடுவது. சுவிட்ச் உட்பக்கச் சுவரில் இருக்க வேண்டும், கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில், ஒரே பிள்ளை. இரண்டு பேர் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள்; சண்டையை முதல் நாளே முடித்துவிடலாம்.

4. நான்கு ஞாயிறு, நான்கு மெழுகுவர்த்தி

தட்டில் நான்கு மெழுகுவர்த்தி வைத்து, வாரம் ஒன்றாகக் கூட்டி ஏற்றுவது. கத்தோலிக்க வழக்கப்படி மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு ரோஸ் நிறம். நிறம் கிடைக்கவில்லையா, வெள்ளையில் ரிப்பன் கட்டினால் போதும்.

24 நாளுக்கு 24 பொட்டலம் தொங்கவிடும் காலண்டரைப் பலரும் கேட்கிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழே நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. எட்டாம் நாளே பெரியவர்களுக்குச் சலித்துவிடும். தினமும் ஒரு மிட்டாய் என்றாகிவிட்டால் பிள்ளைக்கும் காத்திருப்பதன் சுவை தெரியாமல் போகும். நான்கு ஞாயிறு என்பது சின்னக் குழந்தைக்குப் பிடிபடும் அளவு. "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டால் தட்டைக் காட்டுங்கள், எண்ணிக்கொள்ளும்.

ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். விளக்கை அணைப்பது, பெரியவர் மெழுகுவர்த்தி ஏற்றுவது, ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், பிள்ளை ஊதி அணைப்பது. நீளமாக்கினால் அடுத்த ஞாயிறு கூப்பிட்டால் வராது.

5. குடில்: அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம்

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் குடிலைச் செய்யுங்கள். கேக் கடையில் கிடைக்கும். குடில் கட்டும்போதுதான் கதை பிள்ளையின் கைக்குள் வருகிறது.

முதல் வேலை முளைப்புல். இதைத்தான் எல்லோரும் தாமதமாகத் தொடங்குகிறார்கள். 24-ஆம் தேதி விரல் உயரப் புல் வேண்டுமென்றால் கேழ்வரகை டிசம்பர் 13-ஐ ஒட்டி விதைக்க வேண்டும். கோதுமை வேகமாக வளரும், 16 போதும். தானியத்தை இரவு முழுக்க ஊறவையுங்கள். பழைய பிளாஸ்டிக் மூடிகளில் ஓட்டை போட்டு, இரண்டு விரல்கடை மண் போட்டு, தானியத்தை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லியதாக மண் மூடுங்கள். காலையும் மாலையும் தெளிப்பானில் தண்ணீர் அடிப்பது பிள்ளையின் வேலை. சொம்பால் ஊற்றவிட்டால் விதை ஒரு பக்கம் ஒதுங்கி, ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். மழை நேராக விழாத, வெளிச்சமுள்ள ஜன்னலோரம் சரியான இடம்.

இரண்டாவது, குடிலின் இடம். நிறைய வீடுகளில் பிள்ளைக்கு எட்டக்கூடாது என்று அலமாரி மேல் வைக்கிறார்கள். யாருக்காகக் கட்டுகிறோமோ அவர்களுக்கே தெரியாத உயரத்தில் அது போய் உட்காருகிறது. தாழ்வான பெஞ்சில் வையுங்கள். அதற்கேற்ற சுரூபங்களாக (சிலைகளாக) வாங்குங்கள்: மரம், துணி, காகிதக்கூழ், கெட்டி பிளாஸ்டிக். சாந்தோம், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோவில் பக்கத்துக் கடைகளில் சின்ன செட்டுகள் கிடைக்கும். பாட்டி கொடுத்த மண் செட் இருந்தால் அதை உயரத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு "தொடாதே தொடாதே" என்று மாதம் முழுக்கக் கத்த வேண்டியிருக்காது.

ஆடு தினமும் இடம் மாறும். ஒருநாள் சமையலறையில் கிடக்கும், ஒருநாள் கார் பொம்மைமேல் சவாரி போகும். விட்டுவிடுங்கள். இரவு படுக்கும் முன் "ஆட்டுக்குட்டி எங்கே போச்சு, மேய்ப்பர் தேடுறாரே" என்று கேட்டால் ஓடிப்போய்க் கொண்டுவந்து வைக்கும்.

மூன்றாவது, தீவனத்தொட்டி. தீப்பெட்டியின் உள்தட்டே போதும். அதைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நறுக்கிய வைக்கோல். தம்பிக்குப் பொம்மை கொடுத்தாள், தட்டை எடுத்து வைத்தான் என்று ஏதாவது நல்லது நடந்தால் பிள்ளை ஒரு வைக்கோல் எடுத்துத் தொட்டியில் போடும். பாலனுக்கு, அதாவது குழந்தை இயேசுவுக்கு, படுக்கை தயாராகிறது. இதில் பெரியவர்கள் செய்யும் ஒரு பெரிய தவறு, சேட்டை செய்தால் வைக்கோலைத் திருப்பி எடுப்பது. அப்படிச் செய்த அன்றே அது மிரட்டலாகிவிடும். போட்டது போட்டதுதான்.

குழந்தை இயேசு சுரூபத்தை முதல் நாளே எடுத்து ஒளித்து வையுங்கள். 24-ஆம் தேதி இரவுவரை தொட்டி காலி. பாலனைத் தேடி வந்த ஞானிகள் மூவரும் இப்போதே குடிலில் இருக்கக் கூடாது; அவர்களை வீட்டின் கடைசி ஜன்னலில் நிறுத்துங்கள், கதை பின்னால் வருகிறது.

வைக்கோலும் பஞ்சும் சட்டெனத் தீப்பிடிப்பவை. குடிலுக்குள் மெழுகுவர்த்தி, அகல்விளக்கு எதுவும் வேண்டாம், சின்ன எல்இடி சரம் போதும். பட்டன் பேட்டரி போட்ட விளக்குகளையும் பாட்டுப் பாடும் பொம்மைகளையும் இந்த உயரத்தில் வைக்காதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108-ஐ அழையுங்கள்.

6. மரம்

கடை மரம் இருந்தால் அதுவே சரி. இல்லையென்றால் ஒரு சவுக்குக் கிளை, நம் கடற்கரை ஊர்களில் பழகியதுதான். வாளியில் ஈர மணலும் இரண்டு செங்கல்லும் போட்டு நட்டு, நடுத்தண்டை ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள். தவழும் குழந்தை முதலில் செய்வது கிளையைப் பிடித்து எழுந்து நிற்பதுதான். சவுக்கு ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், காய்ந்தால் விறகு. ஆகவே 18-க்குப் பிறகு கொண்டுவாருங்கள், தூங்கப்போகும்போது விளக்குச் சரத்தை அணையுங்கள்.

கீழ்க்கிளைகள் பிள்ளைக்கு: காகிதச் சங்கிலி, துணிப்பூ. பளபளக்கும் பந்துகளெல்லாம் மேலே.

7. கேரல்ஸ் வரும் இரவு

சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள். ஒன்பது என்றால் பதினொன்றும் ஆகலாம். பிள்ளையைத் தூங்கவைத்துவிடுங்கள், டிரம் சத்தம் தெருமுனையில் கேட்கும்போது எழுப்பினால் போதும். காணிக்கைக் கவர், கேக் துண்டுகள், பிளாஸ்கில் காபி எல்லாவற்றையும் எட்டு மணிக்கே எடுத்து வைத்துவிடுங்கள்.

இங்கே முக்கியமானது கிறிஸ்துமஸ் தாத்தா. முகமூடி போட்டு ஆடிக்கொண்டு வரும் தாத்தாவைக் கண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் பலரும் அலறுவார்கள். போட்டோவுக்காகக் கையில் திணிக்கிறார்கள். அந்தப் பயம் அடுத்த வருடமும் தொடர்கிறது. முன்னாலேயே சொல்லிவையுங்கள்: "முகமூடி போட்ட அண்ணன் ஒருத்தர் வருவார், மிட்டாய் கொடுப்பார்." வரும்போது உங்கள் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து காட்டுங்கள். பையன்களிடம் சொன்னால் முகமூடியை ஒரு நிமிடம் தூக்கிச் சிரித்துக் காட்டுவார்கள். தாத்தா யாரென்று தெரிந்தாலும் பிள்ளைகளின் மகிழ்ச்சி குறைவதில்லை.

8. அடுக்களை: எது எப்போது

வரிசை இதுதான்: டிசம்பர் 12-ஐ ஒட்டிப் பழம் ஊறவைப்பது, 19 அல்லது 20-இல் அச்சு முறுக்கு, 21-இல் கல்கல், 22-இல் கேக். மொறுமொறுப்பானது டப்பாவில் காத்திருக்கும், கேக் காத்திருக்காது.

பிள்ளைகள் சாப்பிடும் கேக்குக்குப் பழத்தை ஆரஞ்சுச் சாறில் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் நம் சூட்டில் புளித்துப் பொங்கிவிடும். மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை தலா 150 கிராம், முட்டை மூன்று, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஊறிய பழம் 250 கிராம், கருக்கிய சர்க்கரைப் பாகு மூன்று ஸ்பூன். 160 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பழம் அடியில் போய்த் தங்குகிறது என்பதுதான் எல்லோருடைய குறை. சாறை நன்றாக வடித்து, ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிச் சேருங்கள். ஆறும்வரை வெட்டாதீர்கள். சாறு போட்ட கேக் என்பதால் 24-க்குப் பிறகு மிச்சத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். பாகு கருக்கும் நேரத்தில் பிள்ளைகள் அடுக்களைப் பக்கமே வரக் கூடாது.

அச்சு முறுக்கில் புதியவர்கள் தடுமாறுவது அச்சில். புது அச்சை முதல் நாள் இரவே எண்ணெயில் போட்டு வையுங்கள். சுடும்போது ஒவ்வொரு முறையும் அச்சு எண்ணெயில் சூடேறிய பிறகுதான் மாவில் முக்க வேண்டும், அதுவும் முக்கால் உயரத்துக்கு மட்டும். முழுக்க முக்கினால் மாவு மேலேயும் மூடிக்கொண்டு கழன்று வராது. மாவு தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று சரியாக வராது, அச்சு பழகிய பிறகு சரசரவென்று விழும். முழுக்க ஆறியபின் டின்னில் அடையுங்கள்; இளஞ்சூட்டில் மூடினால் அன்று மாலையே நமுத்துவிடும்.

கல்கல்தான் பிள்ளைகளின் நாள். மைதா, கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை, தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைந்து அரை மணி ஊறிய மாவைக் கோலிக்குண்டு அளவு உருட்டி, முள்கரண்டியின் பின்பக்கத்தில் அழுத்திச் சுருட்ட வேண்டும். ஹாலில் தரையில் பேப்பர் விரித்து உட்காரவையுங்கள், அடுப்பு அடுத்த அறையில். கோணல்மாணலாக வருவதைத் திருத்தாதீர்கள். கனத்தைப் பார்த்து, தடியானதைத் தனியாகக் குறைந்த தீயில் பொரியுங்கள். உள்ளே வேகாமல் போவது அதனால்தான்.

நான்கைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழு முந்திரி, முழுத் திராட்சை கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும். பொடியாக நறுக்கியே போடுங்கள்.

9. பக்கத்து வீட்டுத் தட்டுகள்

தீபாவளிக்கு வந்த டப்பாக்களைத் தேடி எடுத்து வையுங்கள். அவை வெறுமனே திரும்பக் கூடாது. முட்டை சாப்பிடாத வீடுகள் நம் அடுக்ககங்களில் நிறைய. அவர்களுக்காக அச்சு முறுக்கிலும் கல்கலிலும் முட்டை சேர்க்காமல் ஒரு பங்கு முதலிலேயே சுட்டுத் தனியாக வையுங்கள், முட்டை மாவு படுவதற்கு முன். கொடுக்கும்போது "இதுல முட்டை இல்ல" என்று சொல்லிக் கொடுங்கள். தயங்காமல் சாப்பிடுவார்கள்.

தட்டு ஏந்திப் போக வேண்டியது பிள்ளை. நீங்கள் ஒரு அடி பின்னால் நில்லுங்கள். காவலாளி அண்ணன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா வீட்டுக்கு முதல் தட்டு.

10. டிசம்பர் 24

காலையில் வாசல் கோலம். மார்கழி என்பதால் தெருவே கோலம் போட்டிருக்கும், நம் வாசலில் ஒரு நட்சத்திரம். வண்ணம் தூவுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

நடு இரவுப் பூசைக்குப் போவதா வேண்டாமா என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். போவதென்றால் பிற்பகல் இரண்டு முதல் ஐந்துவரை வீடு முழுவதும் தூங்க வேண்டும், இரவு ஏழரைக்குச் சாப்பாடு, எட்டரைக்குப் பிள்ளைகள் மறுபடி படுக்கை, கிளம்பும்போது எழுப்பிப் புது உடை. பூசை முடியும்போது மெட்ரோ இருக்காது, இரவு 11 மணியோடு அது நின்றுவிடும். திரும்பும் வண்டியை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பனிக்கு ஒரு ஸ்கார்ஃப், கொசுவுக்குத் தடவ ஒன்று, வெடிச் சத்தத்துக்குக் காதை மூட உங்கள் கை. பெரிய திருத்தலங்களில் கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் ஓரமாக, வெளியேறும் வழிக்கு அருகில் உட்காருங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், என் கருத்து, காலைப் பூசை. பெரும்பாலான பங்குகளில் உண்டு. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் விடியற்கால ஆராதனைக்குப் போகிறவர்கள் 24 இரவு எட்டுக்கே விளக்கை அணைத்துவிடுங்கள்.

எதுவானாலும் பாலனை வைப்பது பிள்ளைகள் தூங்கும் முன். ஒளித்து வைத்த சுரூபத்தைக் கடைக்குட்டி கையில் கொடுங்கள். லூக்கா 2-ஆம் அதிகாரம், முதல் ஏழு வசனம் மட்டும் ஒருவர் வாசிக்கட்டும். 8 முதல் 20 வரையுள்ள பதின்மூன்று வசனத்தை மறுநாள் ஆட்டையும் மேய்ப்பரையும் கையில் வைத்துச் சொல்லலாம். பிள்ளை சேர்த்த வைக்கோல்மேல் பாலனைப் படுக்கவைத்து, ஒரு பாட்டு. பூசை முடிந்துதான் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், பிள்ளை விழித்திருக்கும் வீட்டில் அப்படியே செய்யுங்கள். தூங்கிய பிள்ளையை விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

11. டிசம்பர் 25

பரிசு காலையில், ஜெபத்துக்கும் டிபனுக்கும் பிறகு. பிள்ளைக்கு ஒன்று. சித்தப்பா, மாமா கொண்டுவந்தவற்றை அடுத்தடுத்த நாளுக்கு ஒவ்வொன்றாக எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்தால் எதையும் விளையாடாமல் அழும்.

மதியம் ஒரே பெரிய உணவு. கறிக்கடைக்கு விடிவதற்குள் போங்கள், அல்லது முதல் நாளே சொல்லிவையுங்கள். ஒரு கிலோ அரிசி பிரியாணி ஏழெட்டுப் பேருக்கு வரும். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ரசம் சாதமும் தயிரும் எடுத்து வையுங்கள். கேக்கும் முறுக்குமாகத் தின்ற வயிறு அதைத்தான் கேட்கும். இரண்டு மணிக்கு எல்லோரும் படுத்துவிடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களை நான்கரைக்குமேல் வரச்சொல்லுங்கள்.

12. அதன் பிறகு

26 முதல் 31 வரை ஒரு மாலை, குடில் பார்க்கப் போங்கள். சாந்தோம், பெசன்ட் நகர், சின்னமலை, பெரம்பூர் லூர்து மாதா கோவில் என உங்களுக்குப் பக்கத்தில் உள்ளது ஒன்று போதும். ஐந்து மணிக்குப் போனால் நெரிசல் இல்லை. 28-ஆம் தேதி மாசில்லாக் குழந்தைகள் திருநாள். குருவானவரிடம் கேட்டால் பிள்ளைகளை ஆசீர்வதிப்பார்.

ஜன்னலில் நிற்கும் ஞானிகளை 25 இரவிலிருந்து தினமும் கொஞ்சம் நகர்த்த வேண்டும்: ஜன்னல், சோபா, புத்தக அலமாரி, ஃபிரிட்ஜ் மேல். பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் காலையில் எழுந்து இதைத்தான் முதலில் தேடுவார்கள். ஜனவரி 6, திருக்காட்சி விழா அன்று குடிலை அடைவார்கள். பல பங்குகளில் இந்த விழாவை அதையொட்டிய ஞாயிறில் கொண்டாடுவதால் நீங்களும் அந்த ஞாயிறுக்கே கொண்டுவந்துவிடலாம்.

மறுநாள் கழற்றுங்கள். சுரூபங்களைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, பாலனை மட்டும் தனிச் சின்ன டப்பாவில். விளக்குச் சரத்தை அட்டையில் சுற்றி, பேட்டரிகளை எடுத்துவிட்டு வையுங்கள். விட்டுவைத்தால் அடுத்த டிசம்பருக்குள் கசிந்து பொம்மையையே கெடுக்கும். அச்சைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றுங்கள். பெட்டிக்குமேல் முதலில் எடுக்க வேண்டியது எது என்று எழுதி ஒட்டுங்கள்: ஸ்டார், மெழுகுவர்த்தித் தட்டு, குடில், இந்த வரிசையில்.